ஐந்தாவது ஆணி

"கண்ணுக்கு இமை இருக்குதே, காதுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கண்மணி ஒருநாள் கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அப்பா, சப் இன்ஸ்பெக்டர் தம்மபாலன், எப்பேர்ப்பட்ட கேடியிடமும் பதில் வாங்கிவிடுவார். மகளிடம் மட்டும் "தூங்கும்மா, நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி 1966ஆம் வருடம் தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரைத் தேடி வந்தது.

காலை எட்டரை மணி. கோலார் தங்கவயல் அதிகாரிகள் கிளப்பில், துப்பாக்கிப் பந்தயத்துக்கான சாமான் அறை. மறுநாள் ஞாயிறு பந்தயம். எந்திரம் ஒன்று களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். பறக்கும் தட்டைச் சுட்டு நொறுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன விளையாட்டு. களிமண் புறா என்று அவர்கள் சொன்னதை, அறையைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பா வெறும் தட்டு என்றே சொல்லுவான்.

சின்னப்பா சுவரோரம் நின்றிருந்தான். உதடு காய்ந்திருந்தது.

"பெங்களூர்ல ஒரு வாரம் கடைகடையா ஏறி வாங்கினேன், இன்ஸ்பெக்டர்" என்றார் கிளப் செயலாளர் சௌந்தரராஜன். சுரங்கத்தில் பெரிய இன்ஜினியர். "அஞ்சு சாமான். அஞ்சாவதைக் காணோம்."

சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஐந்து ஆணிகள். தம்மபாலன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் கண்ணாடி எதுக்கு சார்?"

"மேகம் போட்டிருந்தாலும் தட்டு பளிச்சுனு தெரியும். விலை கூட."

"இந்தச் சட்டைக்குக் கையே காணோமே?"

"துப்பாக்கியைச் சட்டுனு தோளுக்கு ஏத்தும்போது துணி சிக்கக் கூடாது. அது தோல் மெத்தை, துப்பாக்கிக் கட்டை உதைச்சா தோள் கன்னிப்போகாம இருக்க. அது தோட்டாப் பை. பார்க்காமலே கை உள்ளே போகணும்னு வாய் அகலமா இருக்கிறதைத் தேடி எடுத்தேன்."

"காணாமப் போனது?"

"காதுமூடி. ரெண்டு காதையும் கிண்ணம் மாதிரி கவ்விக்கும். காதுக்குப் பஞ்சு போதும்னுதான் கடைக்காரனே சொன்னான்."

ஐந்தாவது ஆணியில் வாழைநாரில் கோத்த ஒரு வட்டத் தகர மூடி தொங்கியது. "விலைச்சீட்டு ஏதாவது இருக்கும்" என்றார் சௌந்தரராஜன். தம்மபாலனும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

"சாவி உங்கிட்டதான இருந்துது?" என்று சின்னப்பாவிடம் கேட்டார்.

"ஆமா சார். நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் மாட்டிட்டு, எந்திரத்துக்கு எண்ணெய் போடப் போனேன். கதவைச் சாத்துனேன், பூட்டல. திரும்பி வந்தப்போ இருட்டிப்போச்சு. பார்க்காம பூட்டிட்டேன்."

"நாளைக்கு ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள அது வரணும்" என்றார் சௌந்தரராஜன். "இல்லேன்னா இவனுக்கு வேலை கிடையாது."

வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். சின்னப்பா வீட்டில் கைக்குழந்தை. எல்லோருக்கும் அது தெரியும். 

நேற்று அறை பூட்டாமல் இருந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்தவர்கள் மூன்று பேர். இளம் இன்ஜினியர் நாகேஷ், சமையல்காரர் வாசு, தோட்டக்காரர் ராஜப்பா.

நாகேஷ் மைதானத்தில் பயிற்சிக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு.

"உள்ளே போனீங்களா?"

"போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், திரும்ப மாட்டினேன்."

"காதுமூடி?"

"அதைப் போட்டா, தட்டை வீசுன்னு எந்திரக்காரனுக்கு நான் குடுக்கிற குரல் எனக்கே கேட்காது. யாருக்கு வேணும் சார் அது?"

வாசு வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். "அதை எடுத்து நான் இன்னா சார் பண்றது? குழம்பா வைக்க முடியும்? மளிகை அறைச் சாவி வாங்கணும்னு போனேன், சின்னப்பாவைக் காணோம், வந்துட்டேன்."

"இங்க வர்றதுக்கு முன்னாடி சுரங்கத்துல வேலை பார்த்திருக்கீங்களா?"

"ஐயோ சாமி. கிணத்தை எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும்."

ராஜப்பா அன்று வரவில்லை. வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள்.

தம்மபாலன் யோசித்துக்கொண்டே கிளம்பினார். விலை கூடின கண்ணாடியை விட்டுவிட்டு, விற்க முடியாத காதுமூடியை எடுத்தவன் காசுக்காக எடுக்கவில்லை. தம்மபாலன் பௌத்தக் குடும்பத்துக்காரர். கொடுக்கப்படாததை எடுக்க மாட்டேன் என்று தினமும் காலையில் புத்தர் படத்தின் முன் கைகூப்பிச் சொல்லுகிறவர். அந்த வரி இன்று மனதில் எங்கேயோ இடறியது.

மதியம் ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்குப் பக்கத்து விளக்கு அறையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் கொக்கியிலிருந்து தன் விளக்கை எடுத்தார். அந்த இடத்தில் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை மாட்டினார். யார் எடுத்தார், யார் இன்னும் மேலே வரவில்லை என்பதெல்லாம் அந்த டோக்கன்தான் சொல்லும். மாட்டாமல் எடுப்பது அங்கே பாவம் போல.

தம்மபாலன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

"திருட்டே நடக்கல சார்" என்றார் சௌந்தரராஜனிடம். "ராஜப்பா எடுத்திருக்கார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தத் தகர மூடி விலைச்சீட்டு இல்ல, டோக்கன். கொக்கியில இருந்து சாமான் எடுத்தா அந்த இடத்துல ஒண்ணு மாட்டணும்னு கை பழகிப்போன ஆள் மாட்டினது. வாசு சுரங்கத்தையே பார்த்ததில்ல. நாகேஷ் ஆபீசர், அவர் விளக்கை ஆள்தான் கொண்டு வந்து குடுப்பான். ராஜப்பா முப்பது வருஷம் சுரங்கத்துல கீழே இருந்தவர்னு ஊருக்கே தெரியும். நெஞ்சுல தூசி அடைஞ்சு, டாக்டர் போதும்னு அனுப்பினப்போ பித்தளை டோக்கனைத் திருப்பி வாங்கிட்டாங்க. அதான் தகரத்துல செஞ்சிருக்கார். கோத்திருக்கிற நார், தோட்டத்துல செடிக்குக் குச்சி கட்டுற வாழைநார்."

சௌந்தரராஜன் பலகையைப் பார்த்தபடி இருந்தார். "எனக்கும் ஆள்தான் விளக்கு கொண்டு வருவான்" என்றார் மெல்ல. "ஆனா காதுமூடி எதுக்கு?"

"அதைப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும் சார்."

ராஜப்பாவின் லைன் வீடு மைதானத்துக்கு எதிர்ச்சரிவில் இருந்தது. வாசலில் அவர் மனைவி மங்கம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நரைத்த தலையில் அந்தக் காதுமூடி. தூரத்தில் நாகேஷின் துப்பாக்கி வெடித்தது. அவள் நிமிரவில்லை. மறுபடி வெடித்தது. ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

வந்த இருவரையும் கண்டதும் ராஜப்பா எழுந்து நின்றார். இருமல் அடங்க நேரமாயிற்று.

"பெரியவரே, சின்னப்பா மேல பழி விழுந்திருக்கு" என்றார் தம்மபாலன்.

ராஜப்பா விழித்தார். "இன்னா பழி? நான் டோக்கன் மாட்டிட்டுத்தான சார் வந்தேன்?"

"வாய் திறந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "எம் பையன் ஏர் பிளாஸ்ட்ல போயிட்டான் சார். கீழே பாறை வெடிச்சுது, அந்தச் சத்தம் இங்க வரைக்கும் வந்துது. அதுல இருந்து துப்பாக்கி வெடிச்சாலும் இவ செருப்பு கூடப் போடாம ஷாப்டுக்கு ஓடறா. 'எம் புள்ள மேல வந்துட்டானா'ன்னு வாட்ச்மேன் காலைப் புடிச்சுகினு கேக்குறா. அவன் சிரிக்கிறான். நாளைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சுடுவாங்க. பந்தயம் முடியற வரைக்கும்னுதான் எடுத்தேன். திங்கக்கிழமை மாட்டிட்டு என் டோக்கனை எடுத்துக்குவேன்."

மங்கம்மா அப்போதுதான் ஆட்களைக் கவனித்தாள். காது மூடியிருந்ததால் தெருவுக்கே கேட்கும்படி, "வாங்க வாங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள்.

சௌந்தரராஜன் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் புரியும்படி பெரிதாகத் தலையாட்டினார். காப்பி வந்தது. அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"டோக்கன் தொங்குற வரைக்கும் சாமான் காணாமப் போகல" என்றார் எழுந்தபடி. "அது அங்கேயே தொங்கட்டும் ராஜப்பா. எனக்குப் பஞ்சு போதும்."

"சின்னப்பாகிட்ட நான் இன்னான்னு சொல்றது சார்? இவ சங்கதி ஊர் வாயில விழுந்துடுமே."

"கிடைச்சுடுச்சுன்னு நானே சொல்லிக்கிறேன்."

அன்று மாலை சௌந்தரராஜன் சின்னப்பாவைக் கூப்பிட்டு, அறைச் சாவியைத் திரும்பக் கையில் கொடுத்தார். "அவசரப்பட்டுப் பேசிட்டேம்பா" என்றார். அவ்வளவுதான். சின்னப்பா சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இரவு தம்மபாலன் மகளைக் கூப்பிட்டார். "காதுக்கு ஏன் இமை இல்லன்னு கேட்டியே. மத்தவங்கதான் மூடி விடணும்னு இமை வைக்காம விட்டிருக்காங்க போல" என்றார். கண்மணி பாதியிலேயே தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. சௌந்தரராஜன் காதில் பஞ்சோடு சுட்டு, மோசமாகத் தோற்றார்.

திங்கட்கிழமை காலை அந்த வழியாகப் போன தம்மபாலனைச் சின்னப்பா ஓடிவந்து நிறுத்தினான். பந்தயம் முடிந்தால் உடைந்த தட்டுச் சில்லுகளை மைதானம் முழுக்கக் குனிந்து பொறுக்குவது அவன் வேலை. இரண்டு நாளைக்கு இடுப்பு நிமிராது.

"வந்து பார்க்கிறேன், புல்லுல ஒரு சில்லு இல்ல சார். எல்லாம் மூட்டை கட்டி ஓரமா வச்சிருக்கு. நீங்க ஆள் அனுப்பினீங்களா?"

"இல்லப்பா."

"அப்போ யாரு சார்?"

தம்மபாலன் மைதானத்தைப் பார்த்தார். ஓரத்து ரோஜாப் பாத்தியில் ராஜப்பா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தட்டுக் களிமண்ணில் கலக்கும் தாரின் கறுப்பு, அவர் பத்து விரல் நுனியிலும் அப்பியிருந்தது.

"தெரியலையே" என்றார் தம்மபாலன். ஜீப்பில் ஏறிக்கொண்டார்.