மொட்டைத் தோத்திரம்

ஸ்டோர் ரூம் இருட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் "ஸ்தோத்திரம்" என்றார். அதில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குரல் அவருடையதேதான். பேசும் முன் தொண்டையைக் கனைக்கிற அதே பழக்கம். தையல்காரியான அவளை "மெஷின்காரி" என்று கூப்பிடுகிற அதே கேலி. பஸ் டிரைவராக இருந்த மனுஷன், மாரடைப்பு வந்து ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து, ஒரு மழைக்காலம் முழுசாக ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், நூல்கண்டு எடுக்க உள்ளே போனவளை அந்தக் குரல் கூப்பிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் மெஷினை மூடிவிட்டு, அந்த இருட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்த அறை பல்பு அவர் உயிரோடு இருக்கும்போதே ஃப்யூஸ் போனது. புதுசு வாங்கிவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். மாட்டுவதற்குள் போய்விட்டார்.

"அதை மட்டும் மாட்டிடாதம்மா. வெளிச்சம் வந்தா நான் இருக்க முடியாது" என்றது குரல்.

அவள் மாட்டவில்லை. பிறகு, ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்றது. கனத்த துணியாகப் பார்த்துத் தைத்து மறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டால் தனியாக இருக்கிறது என்றது. போவதை நிறுத்தினாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால், "நான்தான் இருக்கேன்ல, வேற யார்கிட்ட பேசணும் உனக்கு?" என்றது. அதையும் விட்டாள்.

இன்றைக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நாளைக்கு மெயின் சுவிட்சையே அணைச்சிட்டு வா, மெஷின்காரி. கையைப் பிடிச்சுக்கலாம்."

அந்தக் கைக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது வீடா குகையா? ஜன்னலுக்கெல்லாம் பாவாடை கட்டி விட்டிருக்கீங்க!"

"கண்ணு வலி."

"போன் பண்ணா எடுக்கறதில்ல. கண்ணு வலி காதுக்கும் இறங்கிடுச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரும் சிரித்தபடி உட்கார்ந்தாள்.

"அண்ணன் இல்லாம கோயிலே சப்புன்னு இருக்கு அண்ணி. எந்திரிச்சு நின்னு 'தோத்திரம்'னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க. பாஸ்டரே 'வந்துடுச்சுய்யா மொட்டைத் தோத்திரம்'னு சிரிப்பாரு. கடைசி வரைக்கும் அந்த 'ஸ்' அவர் வாயில ஏறவே இல்லையே! டியரிங்கு, பூனு, டூலு…"

துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

"என்ன அண்ணி, வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. ஃபேன் ஓடல."

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாத்தனார் போன பிறகும் அவளுக்குக் கை ஓடவில்லை. செத்தவர்களுக்கு நாக்கு திருந்தியிருக்கலாம். பரலோகத்தில் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அந்த யோசனைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. பரலோகத்தில் இருக்கிற மனுஷனுக்கு வெளிச்சம் எதற்குக் கூச வேண்டும்?

பொழுது சாய்ந்தது. மெயினை அவள் தொடவில்லை. ஃப்ரிட்ஜ் மேலிருந்த பல்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மெஷின் எண்ணெயும் பழைய துணியும் கலந்த நாற்றத்துக்கு அடியில், தண்ணீர் மாற்றாத பூ ஜாடியைப் போல ஒரு வாடை, முன்பெல்லாம் கவனிக்காமலே விட்டிருந்த வாடை, மெல்ல எழுந்து அவள் முகத்தருகே வந்து நின்றது.

"மெஷின்காரி. மெயினை அணைக்கலையே நீ."

"அணைக்கறேன். ஒண்ணு கேக்கணும். நான் எதுமேல உக்காந்திருக்கேன், சொல்லுங்க பார்ப்போம்."

சிரிப்பு. அவருடைய அதே சிரிப்பு.

"ஸ்டூல் மேல."

அவள் எழுந்தாள். ஸ்டூல் மேல் ஏறினாள். தலைக்கு மேலே கையைத் துழாவி ஹோல்டரைத் தேடினாள்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல."

"மாட்டாதம்மா. என்னை ரெண்டாவது தடவை சாகடிக்கப் போறியா?"

கண்ணில் நீர் முட்டியது. கை நின்றது. அந்தக் குரல் போனால் வீட்டில் வேறு குரல் இல்லை. இனி எந்தச் சாயங்காலத்திலும் இல்லை.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

அவர் உள்ளங்கை ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனது. இது வழவழவென்று இருந்தது. ரேகையே இல்லாத மாதிரி.

"இயேசுவே" என்றாள். சத்தம் வரவில்லை. பல்பைத் திருகினாள். ஏறியது. கதவோரச் சுவரில் சுவிட்ச். எட்டினாள். அடித்தாள்.

வெளிச்சம்.

நூல்கண்டுகள். துணி மூட்டை. ஆணியில் அவருடைய காக்கிச் சட்டை. வேறு யாரும் இல்லை.

இறங்கி, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பிறகு வீட்டிலுள்ள விளக்கை எல்லாம் போட்டாள். ஜன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். ஹால் நடுவில், பளீரென்ற வெளிச்சத்தில், எவ்வளவோ நாளைக்குப் பிறகு முழங்கால் போட்டாள். வழக்கம்போல் கண்ணை மூடினாள்.

இருட்டு.

"மெஷின்காரி."

கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. ஃபேன் சுற்றியது.

இமைக்குள்ளே. அந்த இருட்டு போதும் அதற்கு.

சரி. திறந்த கண்ணோடே ஜெபிப்பாள். விளக்கையே பார்த்தாள். கண் எரிந்தது. நீர் கன்னத்தில் வழிந்தது. இமைக்கவில்லை. தன் மனுஷன் சொன்ன மாதிரியே, மொட்டையாக, வீடு அதிர, வாய்விட்டுச் சொன்னாள்.

"தோத்திரம்!"

எரிச்சல் தாங்கவில்லை. ஒரே ஒரு தரம் இமை மூடியது.

காதோரம், குளிர்ந்த மூச்சு. அவள் விட்ட எழுத்தை மட்டும், மெதுவாக, நீளமாகச் சொன்னது.

"ஸ்ஸ்ஸ்…"