கிழக்கு வாசலின் முத்திரை

தலைமை எழுத்தரான பெரிய கிராணி பிலிப்பு தம்பிராஜா, மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆபீசுக்கும் அங்கிருந்த கத்தோலிக்கக் கோவிலுக்கும் ஒரே சமயத்தில் அதிபதி. 1928-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் குளுவாங்கில் மருத்துவச்சி செல்லப்பாக்கியத்தின் வீட்டுக்கு வந்தபோது, வெள்ளைக் கோட்டும் தங்கச் சங்கிலியும் முதலில் உள்ளே நுழைந்தன; அவர் பின்னால் வந்தார்.

மேசைமேல் மூன்று தாள்களைப் பரப்பினார். கார்பன் வைத்துத் தட்டச்சு செய்த மூன்று பிரதிகள்.

"கையெழுத்து மட்டும் போட்டால் போதும், நேர்ஸம்மா."

பக்கத்தில் நின்ற சபாபதி எட்டிப் படித்தான். அவன் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். செல்லப்பாக்கியம் எங்கே புறப்பட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவன். பன்னிரண்டு வருஷமாகச் சீழ்ப்புண் கழுவிப் பழகியவன், அந்த ஒரு வரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'மேற்படி புஷ்பவள்ளி என்பவளைச் சோதித்ததில் அவள் கன்னி அல்லள் எனச் சான்றளிக்கிறேன்.'

"முடிவு முதல்லயே வந்திட்டுது," என்றாள் செல்லப்பாக்கியம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "பிறகு சோதினை எதுக்கு, கிராணியார்?"

"ஒழுங்குக்கு."

தம்பிராஜா உட்கார்ந்து விளக்கினார். தேவமாதாவுக்கு அவர் குகை வடிவில் ஒரு கெபி கட்டியிருந்தார். அதன் கிழக்குப் பக்கத்தில் ஒரு கதவு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட கிழக்கு வாசல் வழியாக ஆண்டவர் நுழைந்தார். ஆகவே அது என்றைக்கும் பூட்டியே கிடக்கும். அந்த வாசல் மாதாவே, பிள்ளை பெற்ற பின்பும் அவள் கன்னியே என்று ஆதிச் சபையின் பிதாக்கள் வாசித்தார்கள். "பூட்டிய தோட்டம் அவதான். முத்திரை போட்ட ஊற்று அவதான். எரிஞ்சும் கருகாத முட்செடி அவதான். கிதியோன்ரை கம்பளி! சுத்திவரத் தரை காய்ஞ்சு கிடக்க, அதிலை மட்டும் பனி இறங்கினதே, அதுவும் அவதான்." ஸ்டோரில் மண்வெட்டி எண்ணுவதுபோல் விரல் மடக்கினார். "அதாலை நானும் கதவுக்குச் சிவப்பு அரக்கு வைச்சு முத்திரை போட்டனான்."

"அது உடைஞ்சு போச்சு?"

"உடைச்சுப் போட்டாள், அந்தப் புஷ்பவள்ளி! புதன் இரவு நான் இங்கை குளுவாங்கிலை, சாமியாரின்ரை விருந்திலை. வியாழன் நல்ல வெயில். ரயிலேறி மத்தியானம் ரெங்கத்திலை இறங்கி, ஐஞ்சு மூப்பர்மாரையும் கூட்டிக்கொண்டு செபத்துக்குப் போறன், முத்திரை தூள். அரக்கிலை ரப்பர் பால், ஈரம் காயேல்லை. காலமை பாலுக்கு மரம் வெட்டின கையோடை வந்திருக்கிறாள். வெட்டுக்காரியளிலை ஞானஸ்நானம் எடுத்தவள் அவள் ஒருத்திதான். கெபியைக் கூட்டுறவளும் அவள்தான்."

சாட்சியாக ஒரு சிகரெட் டின்னைத் திறந்தார். உள்ளே அரக்குத் துண்டு, அதன்மேல் வெள்ளைப் பால். குனிந்து பார்த்த சபாபதிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பாவத்தின்ரை நெடி," என்றார் தம்பிராஜா.

"முத்திரைக்கும் கன்னிமைக்கும் என்ன?" என்றாள் செல்லப்பாக்கியம்.

"கன்னி தொட்டால் அந்த முத்திரை உடையாது."

"எந்தப் பிதா சொன்னவர்?"

"நான் சொல்லுறன்."

பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று சனங்களைக் கேட்பது வழக்கம். புஷ்பவள்ளிக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது. நாளை மறுநாள் மூன்றாவது. சோதனைக்கு அவள் சம்மதிக்காவிட்டால் ஓலையும் இல்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இடமும் இல்லை. மாப்பிள்ளை சின்னக் கிராணி சந்தியாகு. தம்பிராஜாவின் ஒரே மகன்.

செல்லப்பாக்கியம் எழுந்தாள். "வாறன். முதல்லை கதவைப் பாக்கிறன்."

தோட்டத்து லயத்தில் புஷ்பவள்ளியின் தாய் அங்கம்மா வாசலை மறித்து நின்றாள். "நேத்து இந்தத் தோட்டத்துல ஒருத்திக்கும் பேரு விழல. மானமாவது மிஞ்சும்னு பாத்தா, அதுக்கும் ஆளு அனுப்பிட்டாங்களா?"

பேர் விழுவது என்றால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அன்றைய வேலை பதிவாவது. வயிற்றெரிச்சலில் கூலியைப் பற்றிப் புலம்புகிறாள் என்று சபாபதி நினைத்தான். செல்லப்பாக்கியம் மட்டும் அவளை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தாள்.

உள்ளே புஷ்பவள்ளி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "பாக்கத்தானே வந்தீங்க? பாத்துட்டுப் போங்க."

"இல்லைப் பிள்ளை. களைச்சு வந்தனான். ஒரு தேத்தண்ணி தா."

அந்தப் பெண் நம்பாமல் எழுந்தாள். தேத்தண்ணியை ஆற்றி இருவருக்கும் நீட்டினாள். "அந்தக் கதவத் தொறந்துட்டு நான் எங்கம்மா போவேன்? அதுக்குப் பின்னால செங்கச் சுவருலா. சாந்து சுமந்தவளே நான்தான்."

சபாபதிக்குப் புரையேறியது. "அலமாக்! சுவத்துக்கா முத்திரை?"

செல்லப்பாக்கியம் போய்க் கெபிக் கதவைத் தள்ளிப் பார்த்து, பின்னால் செங்கல்தான் என்று உறுதி செய்துகொண்டாள். மாலையில் கெபி முன்னால் கோவிலின் ஐந்து மூப்பர்களும் உபதேசியாரும் கூடினார்கள். சந்தியாகு தகப்பனுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நின்றான். புஷ்பவள்ளியையும் அங்கம்மாவையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தது செல்லப்பாக்கியம்தான். அதற்கே இரண்டு மூப்பர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

"சபாபதி, டின்னை மோந்து பாரும். என்ன மணம்?"

இந்த முறை அவன் தயாராக இருந்தான். "அமோனியாம்மா. மயக்கம் போட்டவங்க மூக்குல காட்டுவோமே, அதேதான்."

"மரத்துப் பாலிலை அமோனியா ஊறுமோ?"

கங்காணியாக இருந்த ஒரு மூப்பர் தன்னை மறந்து பதில் சொன்னார். "ஊறாதுங்க. மரத்துப் பாலு மத்தியானத்துக்குள்ள கட்டியாயிரும். ஸ்டோர்ல மாதிரிக்குப் பாலு போத்தல்ல வச்சிருக்காங்கல்ல, அது உறையாம இருக்கத்தான் அமோனியா ஊத்துவாங்க."

"ஸ்டோர்த் திறப்பு ஆரிட்டை?"

எல்லாக் கண்களும் தங்கச் சங்கிலிக்குப் போயின. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சாவி தொங்கியது.

"அவளே திருடியிருக்கலாம்!" என்றார் தம்பிராஜா.

"தோட்டத்திலை இருந்த ஒருத்தரும் அப்பிடிச் செய்யாயினம். வியாழன் விடியப்புறம் இங்கை மழை. நீங்கள் வந்து இறங்க முன்னம் காய்ஞ்சிட்டுது. மரம் நனைஞ்சால் வெட்டு இல்லை. ஒருத்திக்கும் பேர் விழேல்லை. அண்டைக்கு ஒரு கையிலும் பால் இல்லை. பாலைப் பூசினால் வெட்டுக்காரியிலை பழி விழும் எண்டு, மழை தெரிஞ்ச எவன் நினைப்பான்? தெரியாதவர் ஒருத்தர்தான். குளுவாங்கிலை வெயில் எண்டு நீங்களே சொன்னனீங்கள். கம்பளி நனைஞ்சது இங்கை, கிராணியார். நீங்கள் நிண்டது காய்ஞ்ச தரையிலை. இறங்கினவுடனை ஸ்டோருக்குப் போய்ப் போத்தலை எடுத்தனீங்கள். பிறகுதான் மூப்பர்மாரைக் கூட்டினனீங்கள். செக்ரோலைப் பாக்கவேயில்லை."

தம்பிராஜாவின் கழுத்து கோட்டுக்குள் கொஞ்சம் இறங்கியது.

சபாபதி மூப்பர்களைப் பார்த்தான். ஐந்து பேரும் வியாழக்கிழமை மழையில் குடை பிடித்தவர்கள். பாவம் என்ற பேச்சு வந்ததும் மழை மறந்து போயிற்று. ஒருவர் மேலே பார்த்தார், ஒருவர் செபமாலையை உருட்டினார். எச்சில் துப்ப வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கோவிலாயிற்றே என்று விழுங்கினான்.

"எதுவாயினும்," என்று தம்பிராஜா கடைசியாக ஒருமுறை நிமிர்ந்தார், "சோதினை நடந்தால் எல்லாருக்கும் மனம் ஆறும்…"

"ஆதிக் கிறிஸ்தவர்கள் சொன்ன கதையொண்டு இருக்கு," என்றாள் செல்லப்பாக்கியம். அவள் குரல் ஏறவில்லை. "மாதா பிள்ளை பெத்த குகைக்குள்ளை ஒருத்தி போனவள். கையாலை சோதிச்சால்தான் நம்புவன் எண்டவள். அந்தக் கை நெருப்புப் பத்தி எரிஞ்சுது. சோதிச்சவளுக்குத்தான் தண்டனை, கிராணியார். பூட்டின வாசலும் கம்பளியும் ஒரு தாயின்ரை மகிமைக்கு அவையள் கண்ட அடையாளம். மற்றப் பெண்டுகளை அளக்கிற முழக்கோல் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. மகனுக்கு வெட்டுக்காரி வேண்டாம் எண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம். மாதாவை ஏன் இழுத்தனீங்கள்?"

மூன்று பிரதிகளையும் வாங்கி, தட்டச்சு வரியை அடித்துவிட்டு, பேனாவால் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள். சபாபதி உரக்க வாசித்தான்: "'மேற்படி கதவைச் சோதித்ததில், அது கதவு அல்ல, சுவர் எனச் சான்றளிக்கிறேன்.'"

அங்கம்மா சிரித்தே விட்டாள். உபதேசியார் அவசரமாகக் கை கூப்பினார். "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிச்சுடுவோம். நடந்தது நமக்குள்ளயே இருக்கட்டும்."

புஷ்பவள்ளி எழுந்தாள். "இருங்க ஐயா. வியாழக்கிழமை செக்ரோலு எழுதுனது யாரு?"

சந்தியாகு தன் சப்பாத்தைப் பார்த்தான். "நான்தான்," என்றான், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

"மழை, வெட்டு இல்லைன்னு ஒங்க கையாலதான் எழுதுனீங்க?"

"ஓம்… அப்பாவுக்கு முன்னாலை எப்பிடிப் புஷ்பம்…"

"ரெண்டு நாளா என் ஒடம்பப் பத்தி ஊரே பேசிச்சு. ஒரு வரி வாசிச்சிருந்தாப் போதும்." அவள் உபதேசியார் பக்கம் திரும்பினாள். "ஓலை வாசிச்சுட்டுத் தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பீங்கல்ல? கேளுங்க. நானே எந்திரிச்சுச் சொல்றேன். மாப்பிள்ளைக்கு வாய் கெடையாது."