கடைசி ஆள்

ஐந்தரை மணிக்குக் குவான் எழுந்தான். மனைவி தோவாவின் படத்துக்கு முன்னால் கோப்பையில் தண்ணீர் மாற்றினான். ஒரு ஊதுபத்தி கொளுத்தினான். பல் துலக்கினான். நேற்றைய சோற்றில் முட்டை உடைத்து ஊற்றி வறுத்துத் தின்றான். ஹனோயில் அது சுவர்கள் வியர்க்கும் மாதம். தரை ஓடுகள் இப்போதுதான் கழுவியதுபோல் நனைந்து கிடந்தன. கதவோரம் இரண்டு மழைக்கோட்டுகள் தொங்கின. நீலம் அவனுடையது, மஞ்சள் அவளுடையது. மஞ்சள் கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் மடித்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து மாட்டியதோடு சரி, நூறு நாளாக யாரும் அதைத் தொடவில்லை. இந்த மாதத்தில் எல்லாமே ஈரம்தான் என்று நினைத்துக்கொண்டு சிவப்புக் கொடியை எடுத்தான்.

ஊர் பார்க்க வருபவர்களை நடத்திக் கூட்டிப்போவது அவர்கள் இருவரின் பிழைப்பு. கொடியோடு அவன் முன்னால் போவான். கடைசி ஆளுக்குப் பின்னால் தோவா வருவாள். அவள் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவன் போடவில்லை.

இன்று தெற்கே கான் தோவிலிருந்து வந்த ஏழு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். தூறல் பிடித்ததும் ஏழு பேரும் ஒரே கடையில் மெல்லிய மஞ்சள் கோட்டு வாங்கி, தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முதல் சாலையிலேயே மிரண்டு நின்றவர்களிடம் குவான் வழக்கமானதைச் சொன்னான்.

"ஒரே வேகத்துல நடங்க. நிக்காதீங்க, திரும்பாதீங்க. வண்டிக்காரன் உங்களச் சுத்திப் போயிடுவான். நின்னீங்கன்னா அவனுக்குக் கணக்குத் தப்பிடும்."

வண்டி மோதிய அன்று தோவா நின்றாள். நேரமாகிறதே என்ற எரிச்சலில் நடுச்சாலையில் அவன்தான் திரும்பி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். என்னவென்று கேட்கத்தான் நின்றாள். காவலரிடம் அவன் இதைச் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடமும் சொல்லவில்லை. அதன்பின் எந்தச் சாலையிலும் அவன் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் எண்ணுவான், அந்தப் பக்கம் போய் எண்ணுவான்.

தகரத் தெருவில் சுத்தியல்கள் தட்டிக்கொண்டிருக்க, வேகும் எலும்புச் சாற்றின் ஆவியும் ஸ்கூட்டர் புகையும் தூறலோடு கலந்து முகத்தில் படிய, எங்கோ பின்னாலிருந்து பம்பளிமாஸ் பூவின் வாசனை அவனைத் தொடர்ந்து வந்தது. மார்ச் மாதத்தில் சைக்கிள் கூடையில் தெருத்தெருவாக விற்கும் பூதான். தோவா ஒரு கொத்து வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். பட்டுத் தெருவைத் தாண்டியதும் எண்ணினான். எட்டு. மறுபடி எண்ணினான். ஏழு.

நடைபாதை டீக்கடையில் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்தபோது, முழங்கால் வலியால் எப்போதும் கடைசியாக வரும் லியெம் என்ற கிழவர், குவான் தனக்கு வேண்டாம் என்ற பிறகும், எட்டு டீ சொன்னார்.

"நாப்பது வருசம் கணக்கு வாத்தியாரு, ஏழு பேர எண்ணத் தெரியல," என்றாள் கூட வந்த துயெத் அம்மாள்.

"பின்னால வர்ற பொண்ணுக்கு யாரு தருவா? உங்க வீட்டுக்காரம்மாவா தம்பி? ரோட்டுல என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது. பேச்சே இல்ல. கை மட்டும் ஐஸு," என்றார் லியெம்.

கிழவருக்கு இந்த வயதில் கையைப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கிறது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். குவான் எட்டாவது டீயைப் பார்த்தான். யாரும் எடுக்கவில்லை. ஆவி அடங்கியது.

மாலை ஐந்து மணி. ஏரிக்கரைச் சாலை. தோவா நின்ற அதே சாலை. விடுதி எதிர்ப்பக்கம். சுற்றிப் போக வேறு வழி கிடையாது.

அவன் எண்ணினான். ஏழு. லியெமைக் கடைசியில் விடவில்லை. தன் பக்கத்தில் நிறுத்தி, "என் கைய விடாதீங்க சார்," என்றான். கிழவரின் உள்ளங்கை சூடாக இருந்தது.

இறங்கினார்கள். ஹார்ன். ஈரச் சக்கரங்கள். விளக்குகள். ஒரே வேகம்.

பாதிச் சாலையில், பின்னாலிருந்து ஒரு பெண்குரல், மிகப் பொறுமையாக, "லியெம் சார்," என்றது.

கை விலகியது. ஒரு அடி. மறுபடி பிடித்தது.

அவன் திரும்பவில்லை.

கரை. கொடியை உயர்த்தினான். எதிரே மஞ்சள் தலைகள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு. கையைப் பிடித்திருப்பவரோடு ஏழு. மூச்சு விட்டான்.

அப்போது துயெத் அம்மாள் சாலையைப் பார்த்து அலறினாள்.

நடுச்சாலையில் லியெம் நின்றுகொண்டிருந்தார். தலையைத் திருப்பி, என்னவென்று கேட்பவர்போல. பேருந்தின் விளக்கு அவர் முகத்தில் பட்டது.

குவான் ஓடுவதற்குக் கையை இழுத்தான். மணிக்கட்டிலிருந்த கை விடவில்லை. ஐஸ். பம்பளிமாஸ் பூ வாசனை.

நூறு நாளுக்கு முன், இதே சாலையில் இறங்குமுன், தோவா கடைசியாகச் சொன்னது:

"நீ முன்னால போ. கடைசி ஆளக் கூட்டிக்கிட்டு நான் வர்றேன்."