வடக்கு வாசலுக்கு ஒரு மறு ஓலை

பொருநையாறு கடலோடு கலக்குமுன் ஒருமுறை தயங்கி வடக்கே வளைந்து, இரு கரைத் தென்னஞ்சோலைகளின் நிழலையும் தன் மடியில் வாங்கிக்கொண்டு நகரும் இடத்தில் சங்கணித்துறை நகரின் ஆற்று மண்டபம் இருந்தது. பங்குனித் திங்கள், வளர்பிறைப் பதினான்காம் நாள். அந்திச் செம்மை முழுவதும் வடியுமுன்பே நிலா ஆற்றின் மேல் வெள்ளித் தகடுகளை விரிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வேளையில் மண்டபத்தில் யார் யார் கூடியிருந்தார்கள், எவர் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அன்பார்ந்த வாசகர்களே, அரச குலத்துத் திருமணப் பேச்சில் உட்காரும் இடமே பாதிப் பேச்சைப் பேசிவிடும்.

கிழக்கு நோக்கிய தந்தப் பீடத்தில் இருந்தவன் சங்கணித்துறையின் தலைவன் இளவேள் எயினன். ஒன்பது ஆண்டுகளை வடக்கெல்லைப் பாசறையில் கழித்துவிட்டு, போர் ஓய்ந்து, எட்டு நாட்களுக்கு முன்புதான் தன் நகருக்குத் திரும்பியிருந்தான். அவனுக்கு வலப்புறம், சற்றுத் தாழ்ந்த ஆசனத்தில், அமைச்சர் தீரனார். அவர்களுக்கு எதிரே புலித்தோல் விரித்த இருக்கையில் மலைநாட்டுக் குன்றையூரிலிருந்து வந்திருந்த கொற்றனார், மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். அவருக்குப் பக்கத்தில் முத்துச் சரம் தொங்கவிட்ட ஓர் ஆசனம் வெறுமையாக இருந்தது. அதில் அமர வேண்டியவளான இளநங்கை, படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, பாதங்களை ஆற்று நீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

கொற்றனார் தொண்டையைச் செருமிக்கொண்டு கூறினார்: "எங்கள் குலத்து வழக்கம் ஒன்றுண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதைப் போல, பெண் மாப்பிள்ளையின் ஊரைப் பார்ப்பாள். ஊர்காணல் என்போம். ஒரு பகல் பொழுது, கால்நடையாக. உடன் வருபவர் மாப்பிள்ளை மட்டுமே. முடி, மோதிரம், குடை, காவலர் எதுவும் கூடாது. நாளை நிலா எழுவதற்குள் அவள் சம்மத ஓலையை என் கையில் தர வேண்டும். தராவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம். மனத்தாங்கல் வேண்டாம்."

"இப்படியும் ஒரு வழக்கமா?" என்று தீரனார் வியந்தார்.

படியில் இருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்: "என் தமக்கைக்கு அந்த வழக்கத்தைச் செய்யவில்லை, ஐயா. போர்க்காலம், அவசரம் என்றார்கள். ஏழு ஆண்டுகளாக ஓர் அரண்மனைக்குள் இருக்கிறாள். அந்த ஊரில் நல்ல மீன் கிடைக்குமா என்று கேட்டு எழுதினேன். 'தெரியாது, சமையற்கட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று பதில் வந்தது."

எயினனுக்குச் சுருக்கென்றது. அன்று பிற்பகல் யார் கையையும் பற்றாமல் அவள் படகிலிருந்து குதித்து இறங்கியபோதே அவன் உள்ளம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் எட்டு நாள் நகரவாசியான அவனுக்குத் தன் அரண்மனைக்குப் பின்னால் எந்தத் தெரு இருக்கிறது என்பதே தெரியாது! தெரியாது என்று சொன்னால் அவளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினான். தீரனார் அவன் காதருகே குனிந்து, "கவலை வேண்டாம். மூலைக்கு மூலை நீலக் கொடி கட்டச் சொல்கிறேன். கொடி கண்ட இடத்தில் வலப்புறம் திரும்புங்கள், மற்றதை என்னிடம் விடுங்கள்" என்றார்.

மறுநாள் கதிரவன் கடலிலிருந்து தலை நீட்டும்போது இருவரும் சாதாரணப் பருத்தியாடை உடுத்துப் புறப்பட்டார்கள். நீலக் கொடிகள் சொன்னபடியே தெருக்கள் வந்தன. வாசல்தோறும் ஒரே அளவில் தாமரைக் கோலம். சுவர்தோறும் ஈரம் காயாத சுண்ணாம்பு. பூக்கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று, "எங்கள் வேளின் ஆட்சியில் பாலும் தேனும் குறைவில்லை" என்றார். எண்ணெய் வாணிகரும் அதையே சொன்னார். மூன்றாவதாக ஓர் அம்மாள், "எங்கள் வேளின் ஆட்சியில் பாலும்..." என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் விழித்தாள்.

"தேனும்" என்று எடுத்துக் கொடுத்தாள் இளநங்கை. பிறகு எயினன் பக்கம் திரும்பி, "மூவருக்கும் ஒரே வாத்தியார் போலிருக்கிறதே!" என்றாள்.

எயினன் நின்றுவிட்டான். முகம் சிவந்தது. "தேவி, இனி மறைக்க முடியாது. இந்த நகரை நான் அறியேன். அரண்மனை மதிலுக்குள்ளேயே வளர்ந்து, பத்தொன்பது வயதில் பாசறைக்குப் போனவன். அதோ தெரியும் கொடிகள் ஊரை அலங்கரிக்க அல்ல. நான் வழி தவறாதிருக்க."

அவள் கோபிப்பாள் என்றே எதிர்பார்த்தான். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியானால் கொடி இல்லாத பக்கம் திரும்புவோமா? இருவரும் புதியவர்கள்தானே!"

இடப்புறம் திரும்பினார்கள். அந்தத் திருப்பத்துக்கு அப்பால், வாசகர்களே, சங்கணித்துறை என்னும் நகரம் உண்மையில் தொடங்கியது! சங்கறுப்போர் தெருவில் அரத்தின் கிரீச்சொலி காதைத் துளைத்தது. வெண்தூசி படிந்து மனிதர்களெல்லாம் பனி மூடிய மரங்களைப் போல அமர்ந்திருந்தார்கள். வளையல் செய்பவர் ஒருவர் இளநங்கையின் மணிக்கட்டை நூலால் அளந்துகொண்டே, "கல்யாணமாகி எத்தனை நாளாச்சு தாயீ?" என்று கேட்டார்.

எயினன் விழிக்க, அவள், "இன்றைக்கு ஒருநாள்தான்" என்றாள்.

"அதான் மாப்பிள்ளை பேச மாட்டேங்கிறாரு. ஏன் மாப்பிள்ளே, பெண்சாதிக்கு ஒரு வளையாவது உம்ம கையால அறுத்துக் குடுமே, பாப்போம்."

பல போர்க்களங்களில் வாள் சுழற்றிய கை, ஒரு சங்கின் முன் தோற்றது. அரம் வழுக்கி விரலில் கீறியது. இளநங்கை தன் முந்தானை நுனியைக் கிழித்து அந்த விரலில் சுற்றினாள். சுற்றி முடித்த பின்னும் இரண்டொரு கணம் அந்த விரலை அவள் விடவில்லை; அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆப்பம் தின்றார்கள், வழி கேட்டார்கள், சொன்ன வழியை மறந்தார்கள். செம்பு தட்டும் தெருவில் ஒருவரோடொருவர் கத்திப் பேசி, தெரு முடிந்த பிறகும் கத்திக்கொண்டே நடந்து, அதைக் கண்டு தாங்களே நகைத்தார்கள். உச்சி சாய்ந்த வேளையில் நகரின் வடக்கு மதிலடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே வாசல் இருந்தது, ஆனால் மூடியிருந்தது. தாழ்களில் துரு ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கிணறு. மதிலின் உச்சியில் கப்பி கட்டி, வடத்தில் நீர்க் குடங்களைக் கோத்து, நான்கைந்து பெண்கள் அவற்றை மதிலுக்கு அப்புறம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறத்திலிருந்து வெறுங்குடங்கள் வந்த வண்ணமிருந்தன.

அவர்களில் வாட்டசாட்டமான ஒருத்தி, சடைச்சி என்பவள், எயினனைப் பார்த்து, "ஏ மவராசா! கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கியளே, ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிருவிய? வடம் பிடிக்கிறவ ஒருத்திக்கு இன்னைக்குக் காய்ச்சல்" என்றாள்.

எயினன் வடத்தைப் பற்றினான். "மதிலுக்கு வெளியே யார் இருக்கிறார்கள், அம்மா?"

"எங்க ஆளுகதான். உப்பளத்துக் குடி. அங்க தோண்டுன இடமெல்லாம் உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணி இந்தக் கெணத்துலதான். வாசலை மூடிட்டாங்க. தெக்கு வாசலைச் சுத்தி வந்தா அரைப் பகல் போயிரும்."

"ஏன் மூடினார்கள்?"

"வேளு ஓலை! சண்டை நேரத்துல எங்கேயோ பாசறையில உக்காந்து, வாசலை மூடுன்னு எழுதிட்டாரு. நாலு வருசமாச்சு. சண்டை முடிஞ்சிட்டு, மூடுன வாசலை மறந்திட்டாரு. கல்யாணமாவப் போவுதாம். வாறவளாவது ஞாபகப்படுத்துதாளா பாப்போம்."

எயினன் அந்தக் குடத்தை இறக்கி முடித்துவிட்டு வடத்தை விட்டான். வாசற்காவலனிடம் சென்று அந்த ஓலையைக் காட்டும்படி கேட்டான். காவலன் பட்டுத்துணியைப் பயபக்தியுடன் அவிழ்த்தான். நாள்தோறும் சந்தனம் வைத்து வணங்கப்பட்ட அந்த ஓலையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'நமது மறு ஓலை வரும்வரை வடக்கு வாசலைத் திறவற்க.' எழுத்து அவனுடையதுதான்.

"மறு ஓலை வரட்டும், மறு நிமிசம் திறக்கிறேன்" என்றான் காவலன். "வாசலைத் தொறக்காதேன்னுதான் இதுல இருக்கு. மதிலுக்கு மேலே குடம் போவக் கூடாதுன்னு இல்லை. அதனால நானும் கண்டுக்கிறதில்லை."

"காவலனே, வாசலைத் திற. அந்த வேள் நான்தான்."

மறுகணம் மதிலடியே சிரிப்பால் அதிர்ந்தது. "இவரு வேளுன்னா நான் பட்டத்து ராணி!" என்றாள் சடைச்சி. "தாயீ, உங்க வீட்டுக்காரருக்கு வெயில் தலைக்கேறிட்டு. அந்தப் பானையில மோர் இருக்கு, ஒரு வாய் குடுங்க."

முடியில்லை, மோதிரமில்லை, அவன் முகத்தை இந்நகரில் அறிந்தவரும் இல்லை. எயினன் திரும்பி வந்து மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வடத்தை இழுக்கலானான். குடத்துக்குப் பின் குடம். நிழல்கள் நீண்டன. மதிலுக்கு அப்பால் குடங்கள் குறைந்தபாடில்லை.

"அரண்மனைக்குச் சென்று ஓலை எழுதலாகாதா?" என்று மெல்லக் கேட்டாள் இளநங்கை.

"எழுதத்தான் போகிறேன். ஆனால் ஓலை இங்கே வந்து சேர இருட்டிவிடும். இருட்டினால் வடம் ஓடாதாம். இந்த வரிசைக்கு இன்றிரவு தண்ணீர் இராது." அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "தேவி, நிலா எழும் நேரம் நெருங்குகிறது. தெற்கே நேராகப் போனால் ஆற்று மண்டபம் வரும் என்று நினைக்கிறேன்; அதுவும் நிச்சயமில்லை. தாங்கள் செல்லுங்கள். அங்கே தாங்கள் எது சொன்னாலும் அது நியாயமாகவே இருக்கும். என்னால் இப்போது வர இயலாது."

அவள் செல்லவில்லை. வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவனுக்குப் பின்னால் வந்து நின்று வடத்தைப் பற்றினாள். "இழுங்கள்" என்றாள்.

முழுநிலா தென்னை முடிகளைத் தாண்டி நெடுநேரமான பிறகே இருவரும் ஆற்று மண்டபத்தை அடைந்தார்கள். தலை கலைந்து, ஆடை நனைந்து, சேறு படிந்த கால்களோடு வந்தவர்களைக் கண்டு தீரனார் பதறி எழுந்தார். படகில் துடுப்புகளை ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கொற்றனாரின் குரல் கடுமையாக ஒலித்தது. "நங்கை, நேரம் கடந்துவிட்டது. ஓலை வரவில்லையென்றால் என்ன பொருள் என்பது உனக்குத் தெரியும்."

"மாமா, நிலா எழுந்தபோது என் கையில் வடம் இருந்தது. விட்டிருந்தால் குடம் விழுந்திருக்கும்" என்று அவள் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து செக்கச் சிவந்திருந்தன. கொற்றனார் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாசுமறுவற்ற வானத்தை அண்ணாந்து நோக்கினார்.

"எனக்கு வயதாகிவிட்டது. எங்கும் மேகமாகத் தெரிகிறது. நிலா எழுந்ததா என்று இன்னும் உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்றார்.

எயினன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. "அமைச்சரே, வடக்கு வாசல் நான்கு ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறதே, ஏன் எனக்கு நினைவூட்டவில்லை?"

தீரனார் தலைகுனிந்தார். "தங்கள் கையெழுத்துக்கு மேல் எழுத யாருக்குத் துணிவு, பிரபு?"

"ஓலையும் எழுத்தாணியும் கொடுங்கள்." ஓலை எழுதுபவரை அவன் அழைக்கவில்லை. கீறிய விரலோடு தானே எழுதினான். தீரனார் விளக்கருகே பிடித்து உரக்கப் படித்தார்: "வடக்கு வாசற்காவலர் காண்க. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாம் விடுத்த ஓலைக்கு இது மறு ஓலை. கண்டதும் வாசலைத் திறந்துவிடுக. இனி அதை மூட வேண்டுமானால் நாமே நேரில் வந்து நின்று சொல்லுவோம். தாமதம் நம்முடையது. சங்கணித்துறை எயினன்."

"சற்று இருங்கள்" என்று ஓலையை வாங்கிக்கொண்ட இளநங்கை, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரைப் பொறித்துக் கொடுத்தாள். தீரனார் அதையும் படித்துவிட்டுத் திகைத்தார். "அம்மணி, சங்கணித்துறை இளநங்கை என்றிருக்கிறதே. தாங்கள் குன்றையூர் அல்லவா? ஊர்ப்பெயர் தவறிவிட்டது."

"தவறவில்லை, ஐயா."

எயினன் திரும்பி அவளைப் பார்த்தான். கொற்றனார் மீசைக்குள் சிரித்தபடி, "அது சரி, உன் தந்தைக்கு ஓலை?" என்றார்.

"இதிலேயே ஒரு படி எடுத்து அனுப்புங்கள், மாமா. அவருக்குப் புரியும்."

படி எடுக்கப்பட்டது. இரண்டு ஓலைகளையும் சுருட்டி, நூல் சுற்றி, செவ்வரக்கு உருக்கி விட்டார்கள். காலையில் தீரனாரிடம் விட்டுச்சென்ற தன் முத்திரை மோதிரத்தை எயினன் வாங்கி அவள் கையில் கொடுக்க, அவள் இரண்டிலும் அதைப் பதித்தாள். ஓர் ஓலையைப் பெற்ற குதிரைவீரன் வடக்கு நோக்கிப் பாய்ந்தான். மற்றொன்றை மடியில் முடிந்துகொண்டு கொற்றனார் படகில் ஏறினார். துடுப்புகள் நிலவொளியைக் கலைக்க, படகு ஆற்றை எதிர்த்து மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்தது.