உப்புக் கோடு

கன்டெய்னர் லாரிகளின் ஹாரனையும் மீறி, தண்டையார்பேட்டை குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. காலை மணி 7.10.

எட்டு மணிக்கெல்லாம் சப்-இன்ஸ்பெக்டர் டெபோரா அந்த வீட்டில் இருந்தார். பீரோ திறந்து கிடந்தது. பூட்டில் கீறல் இல்லை.

"நகை அப்டியே கீது மேடம். மாத்திரை டப்பா மட்டும் காணோம்," என்றாள் அஜீசுன்னிசா. "எம்பொண்ணு உசுரே அதுலதான் கீது."

மகள் நவ்ரீனுக்குப் பதினாறு வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்பில் ஒரு புரதம் பிறவியிலேயே கோணலாக உருவாகி, சளி கெட்டித்து நுரையீரலை அடைக்கும் நோய். அந்தப் புரதத்தை நிமிர்த்தி வேலை செய்ய வைக்கும் மாத்திரையைத் துபாயிலிருந்து சித்தப்பா யாசின் அனுப்பி வந்தார். அடுத்த டப்பா வர ஒரு மாதம் ஆகும்.

"மாத்திரைக்கு முன்னாடி எப்டி இருந்தா?"

"மூச்சு வாங்கும். வேர்வை காஞ்சா துணியெல்லாம் வெள்ளையா உப்பு பூக்கும். மாத்திரை போட்டப்புறம் எல்லாம் நின்னுது. இப்போ நாலு நாளா மறுபடி இருமல். இனிமே நானே கையால குடுக்கறேன்னு நேத்துதான் சொன்னேன். அதுக்குள்ள..."

"யார் மேல சந்தேகம்?"

அஜீசுன்னிசா தரையைப் பார்த்தாள். "கீழ் வூட்டு செங்கொடி புள்ளைக்கும் இதே நோவு. இதே மாத்திரை சரிப்படும்னு டாக்டர் சொன்னாரு. அவங்களுக்கு வாங்க வழியில்ல."

டெபோரா கீழே இறங்கினார். செங்கொடி வாசலை மறித்து நின்றாள்.

"நல்லா தேடிக்கோ மேடம். இல்லாதவன்னா திருடிடுவானா? எம்புள்ள ஒரு வாரமா தானா தேறிகினு வரான். அது உனக்கு பேஜாரா கீதா?"

அவள் மகன் சித்தார்த் லாரித் தண்ணீர்க் குடங்களுடன் படியேறி வந்தான். இருமவில்லை. நேற்று மாலையிலிருந்து வியர்வையில் ஊறிக் காய்ந்த கறுப்பு டி-ஷர்ட், கறுப்பாகவே இருந்தது.

டெபோரா மறுபடி மேலே போனார். ஆணியில் நவ்ரீன் நேற்றுக் கழற்றி மாட்டிய பள்ளிச் சீருடை. அதன் கருநீலக் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. விரலால் தேய்த்தார். உதிர்ந்தது.

தாயை டீ போட அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்.

"டப்பா காணாமப் போனது இன்னிக்கு. ஆனா உப்பு நேத்தே பூத்திருக்கு. இருமல் அதுக்கும் முன்னாடியே வந்துடுச்சு. நீ மாத்திரைய நிறுத்தி நாளாச்சு, நவ்ரீன். அம்மா கையால குடுக்கறேன்னதும் ஏமாத்த முடியாம போச்சு. அதான் சாவி போட்டுத் தொறந்து டப்பாவையே எடுத்துட்ட. பீரோ சாவி எங்க இருக்கும்னு உனக்குத் தெரியும்."

நவ்ரீன் நெடுநேரம் இருமினாள்.

"சித்தார்த்தோட அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு ரெண்டு டப்பா வருதுன்னு அவன்கிட்ட பொய்தான் சொன்னேன்."

"நீ செத்துடுவம்மா."

அவள் ஆணியில் தொங்கிய சீருடையைப் பார்க்கவில்லை. கீழே, படிக்கட்டைப் பார்த்தாள்.

"அவன் சட்டைய பாத்தீங்களா மேடம்? உப்பே இல்ல."