மகாபலம் பாரும் எழில்மொழியின் கண்களும்

மனிதகுலம் இதுவரை மூன்று மாபெரும் கண்டுபிடிப்புகளைச் சந்தித்திருக்கிறது. நெருப்பு, சக்கரம், மகாபலம் புரோட்டீன் பார். முதல் இரண்டைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. மூன்றாவது, கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்கால் மணிக்கு, ராயபுரத்து மைதானம் ஒன்றின் வாசலில், பெரிய நீலக்குடை ஒன்றின் கீழ், உலகத்துக்கு இலவசமாக வழங்கப்பட்டது.

வழங்கியவன் பெயர் சாவியோ. வயது இருபத்தெட்டு. ராயபுரத்துக்காரன். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தது. படித்தது பி.காம். ஆலோசகர் ஆவதற்குக் கம்பெனி கொடுத்த பயிற்சி ஒரு பகல் பொழுது, ஒரு பிரியாணிப் பொட்டலம். அதற்குள் ஏழு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தான். உடற்பயிற்சி முடிந்த முப்பது நிமிடத்துக்குள் தசைகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும், அந்த வாயில் மகாபலம் விழவில்லை என்றால் செய்த பயிற்சியெல்லாம் வீண் என்பது நான்காவது வாக்கியம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் கோதண்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மைதானத்தை இரண்டு சுற்று நடப்பார். சுற்றுக்கு ஒரு பார் சாப்பிடுவார்.

ஏழாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் மழை வந்துவிட்டது. துறைமுகத்துக் கிரேன்களின் தலைக்கு மேல் கறுத்துக் கிடந்த வானம், யாரையும் கேட்காமல் அவிழ்ந்து விழுந்தது. நடந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள்... ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் நேராக நீலக்குடைக்குள் வந்து நின்றாள்.

சாவியோவுக்கு அப்போது கடல் சத்தம் கேட்டது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, எப்போதும் கேட்கும். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டது...

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முன்நெற்றி முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவன் தொழில் தர்மப்படி ஒரு பாரை நீட்டினான். வாங்கினாள். பிரிக்கவில்லை... திருப்பிப் பார்த்தாள். அதைத் திருப்பிப் பார்க்கலாம் என்பதே ஊட்டச்சத்து ஆலோசகருக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுத்து எறும்பு சைஸில் இருந்ததால் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி... விழவும் மனமில்லாமல், இருக்கவும் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கண்கள் ஒவ்வொரு வரியாக இறங்கின. அந்த உறையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று சாவியோவுக்குத் தோன்றியது. சிரிக்க வேண்டாம், காதலில் விழுகிறவர்களுக்கு இதைவிட அபத்தமாகவும் தோன்றும்.

"புரோட்டீன் எட்டு கிராம்... சக்கரை இருபத்தியொண்ணு," என்றாள் அவள். "இன்னா சார் இது... மிட்டாய்க்கு ஜிம் பனியன் மாட்டி வுட்டுக்கிறீங்க?"

அவன் நான்காவது வாக்கியத்தைத் தழுதழுக்கச் சொன்னான்.

"தசை இன்னா ரேஷன் கடையா, அரை மணி நேரத்துல ஷட்டரை எறக்கறதுக்கு? வூட்டுக்குப் போயி ரெண்டு அவிச்ச முட்டை துன்னா போதும்."

ஆலோசகருக்குத் தன்மானம் விழித்துக்கொண்டது. மேடம் டாக்டரோ என்று கொஞ்சம் எகத்தாளமாகவே கேட்டான்.

"திருவொத்தியூர்ல ஒரு ஆஸ்பத்திரில டயட்டீஷியன். அதான், நீங்க கய்த்துல மாட்டிகினு கீறீங்களே... அந்த வேலை."

மழை விட்டது. பாரை மேசை மேல் பத்திரமாக வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். கோதண்டம் அதையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண் எழில்மொழி என்றும், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தனக்கு அடுத்த வீடு என்றும், வாய் கொஞ்சம் நீளம் என்றும் தகவல் சொன்னார். சாவியோ காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது. எழில்மொழி... அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். வாய் இனித்தது. சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை.

அதற்கப்புறம் பத்து நாட்கள், தினம் காலையில் மைதானத்தில் மேகமூட்டம்... தினம் அவள் பத்துச் சுற்று ஓடிவிட்டு நீலக்குடைக்கு வந்தாள். மழை வராத நாளிலும் வந்தாள். எல்லா பாரும் விஷமில்லை என்று சொல்லிக் கொடுத்தாள். புரோட்டீன் அதிகமாக, சர்க்கரை குறைவாக இருந்தால், ஓடி முடித்து நேராக வேலைக்குப் போகிற, இரண்டு மூன்று மணி நேரம் சாப்பாட்டைக் கண்ணில் பார்க்க முடியாத ஆளுக்கு அது உதவும். அரைமணி நடந்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆறு இட்லி சாப்பிடுகிறவருக்கு எதற்கு? நடந்து கரைத்ததைப் போல இரண்டு மடங்கை வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார் என்றாள். கோதண்டம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மென்றார்.

சாவியோ திருத்தப்பட்டான். வீட்டில் பிஸ்கட், ஊறுகாய், பல்பொடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருப்பிப் படித்தான். அவள் கண் போகிற பாதையில் தன் கண்ணும் போகிறதே என்று ஒரு கிறக்கம்... ஆனாலும் காலையில் குடைக்கு வருகிற புதியவர்களிடம் ஏழு வாக்கியங்களையும் ஒப்பிக்கத்தான் செய்தான். எழில் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்.

பதினோராவது நாள் அவள் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மைதானம் பாதியாகச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது. கப்பல்கள் கடலில் நின்றன, போகவும் இல்லை, வரவும் இல்லை...

விஷயத்தைக் கோதண்டம்தான் மகிழ்ச்சியோடு சொன்னார். எழில் தன் அம்மா கெங்கம்மாவிடம் சாவியோவைப் பற்றி வாயைத் திறந்திருக்கிறாள். கெங்கம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறாள்.

"நல்லபடியாத்தான் சொன்னேன் நைனா. பையன் ராயபுரத்துல பார் போட்டுகினு கீறான், காலீல ஆறு மணிக்கே தொறந்துடுவான், நம்ம ஆளுன்னா காசே வாங்க மாட்டான், நானே தெனம் ரெண்டு வுட்டுகினுதான் வூட்டுக்கு வரேன்னு சொன்னேன்."

சாவியோ மேசையைப் பிடித்துக்கொண்டான்.

கெங்கம்மாவின் புருஷன் சாயங்காலமானால் பாருக்குப் போய்க்கொண்டிருந்தவன். போய்ப் போய், நாற்பத்து நான்கு வயதில் ஒரேயடியாகப் போய்விட்டான். அந்தச் சொல்லுக்கு அவள் அகராதியில் வேறு பொருள் கிடையாது.

மதியம் எழிலே போன் செய்தாள்.  அது சாப்பிடுகிற பார் என்று சொல்லியும் அம்மா நம்பவில்லையாம். எல்லாரும் பாரில் உட்கார்ந்து சாப்பிடத்தானே செய்கிறார்கள் என்கிறாளாம்.

"சர்ச்சுக்குப் போறவன்னா போவட்டும், எனக்கொண்ணும் இல்ல... பாருக்குப் போறவன் மட்டும் வேணான்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம வந்து நீங்களே காட்டுங்க. ஆனா ஒண்ணு... எங்கம்மா எது கேட்டாலும் அந்த ஏழு வரிப் பாட்டைப் பாடாதீங்க. நான் ஓடுறப்ப பாடுறீங்களே, எனக்குக் கேக்காதுன்னு... அது. பாடுனீங்க, அப்புறம் நான் வேற மைதானம் பாத்துக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கம்பெனி சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு பெட்டி மகாபலத்தோடு சாவியோ வியாசர்பாடியில் மூன்று மாடி ஏறினான். கெங்கம்மா ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இருபது வருஷமாகச் சமைப்பவள். சேரைக் காட்டினாள். ஒரு பாரைப் பிரித்து முதலில் முகர்ந்தாள். சாராய வாடை இல்லை. ஓரத்தில் துளி கடித்து, கண்ணை மூடி மென்றாள். சமையல்காரியின் நாக்கு உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது.

"சரி... இது துன்ற பாருதான்," என்றாள். "இது ஒடம்புக்கு நல்லதா தம்பி?"

ஏழு வாக்கியங்களும் அவன் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. நல்லது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அம்மா நம்பிவிடுவாள். அடுக்களை வாசலில் எழில் நின்றிருந்தாள்.  அந்தக் கண்கள், முதல் நாள் உறையைப் பார்த்ததுபோல், அவனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன...

"இல்லம்மா," என்றான். "சோத்துக்கு நேரமில்லாம ஓடறவங்களுக்கு இதுல நல்ல வகை கீது. நான் விக்கிறது அது இல்ல. இது வெறும் மிட்டாய்."

"அப்ப இத்தினி நாளு பொய் சொல்லி வித்தியா?"

"ஆமாம்மா. இனிமே முடியாது... வாயத் தொறந்தாலே உங்க பொண்ணு கண்ணு முன்னால வந்து நிக்கிது. அவங்க வராத இத்தினி நாளும் நான் இன்னா வித்தேன், யாருக்கு வித்தேன்னே தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளாக நெஞ்சில் சுமந்த காதலைத் தவறான ஆளிடம் இறக்கி வைத்துவிட்டோம் என்று. காது இரண்டும் கொதித்தன. அடுக்களையில் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

 கெங்கம்மா அவன் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அதைக் கயட்டிட்டு வேற வேலை பாரு நைனா," என்றாள். வாழ்நாள் முழுக்க அவளைப் பதறவைத்த அந்த 'பாரு' அவள் வாயிலிருந்தே இத்தனை மென்மையாக வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "எழிலு... கொயம்பு சூடா கீது. இவனுக்கு ஒரு தட்டு வை."

சாப்பிட்டுக் கைகழுவ வெளியே வராந்தாவுக்கு வந்தான். மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடிக் குழாய்களிலிருந்து வெள்ளிக் கம்பிகளாய் இறங்கியது. எழில் துண்டோடு வந்தாள். கொடுக்கவில்லை, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டீங்க... எங்கிட்ட?"

சொன்னான். ஒரே வாக்கியம். எங்கேயும் மனப்பாடம் செய்யாதது. மழைச் சத்தத்தில் அது சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது...

"இத்தினி நாளா ஓடாம காலு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "வலிச்சது காலு இல்ல."

உலகம் நின்றது. மழைத்துளிகள் அந்தரத்தில் நின்றன. துண்டின் இந்த நுனியில் அவன் விரல், அந்த நுனியில் அவள் விரல்... நடுவில் இருந்த ஒரு முழத் துணியும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

கீழே தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது. கெங்கம்மா உள்ளேயிருந்து நான்கு பிளாஸ்டிக் குடங்களை எடுத்து வந்து, ஆளுக்கு இரண்டாகக் கையில் கொடுத்தாள்.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் முப்பத்திரண்டு குடங்கள் இருந்தன.