வெள்ளி வடிக்கும்

ஊசி ஏறியதும் எப்போதும் காலில் ஒரு கனம் தெரியும், ஈரத்துணியைப் போர்த்தியதுபோல. இன்று அந்தக் கனம் வரவில்லை; பதிலாக முழங்காலிலிருந்து ஏதோ மெல்ல ஒழுகிப் போவதுபோல் இருந்தது. துடைத்துப் பார்க்கத் தோன்றியது. படுத்தவள் ஆடக்கூடாது என்பது நாத்தனாரின் சட்டம்.

படுத்திருந்த இவளுக்கு ஒற்றைத் தலைவலி. அக்குபங்சர் பார்க்கும் அக்காவைக் குடும்பத்திலேயே வைத்துக்கொண்டு வெளியில் போவார்களா என்று கணவன்தான் கூட்டிவந்து, முன்னறையில் உட்கார்ந்திருந்தான். நாத்தனாருக்கும் இவளுக்கும் கல்யாணத்தன்றே ஆகாமல் போயிற்று. உனக்கு நோவு தலையில் இல்லை, திமிரில் என்று சொல்லிக்கொண்டேதான் ஊசியைச் சொருகுவாள்.

ஸ்பிரிட் நெடியும் மின்விசிறியின் முனகலும் நிறைந்த அந்த மத்தியான அறையில், திரைக்கு அப்பால் நாத்தனாரின் மகள் கிடந்தாள். காய்ச்சலில் விழுந்து வருஷக்கணக்காக எழாத பெண். அவள் மூச்சு இதுவரை இந்தப் பக்கம் கேட்டதில்லை. இன்று கேட்டது.

இவள் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். ஊசிகள் வழக்கத்தைவிட வெளுப்பாக இருந்தன.

"இது வேற ஊசியா அண்ணி?"

"வெள்ளி."

வழக்கமாகப் போடும் எஃகு ஊசி யார் பக்கமும் சாயாது என்று நாத்தனார் முன்பு சொல்லியிருந்தாள். வெள்ளி உயிரோட்டத்தை வடித்துவிடும், தங்கம் வருவதை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். பீற்றல் என்று இவள் அன்று சிரித்திருந்தாள்.

"அப்ப தங்கம் யாருக்கு?"

நாத்தனார் திரையை ஒதுக்கினாள். பெண்ணின் உள்ளங்கால்களில் மஞ்சள் மினுக்கம். சுருண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன.

இவள் எழுந்து ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை.

"ஆடாத," என்றாள் நாத்தனார். "சிந்திடும்."

முழங்கால் போயிற்று. இடுப்பு போயிற்று. கை கிடந்தது, யாருடையதோ போல. பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு பாதம் தரையில் பட்டது. இன்னொன்று.

இவள் கணவனைக் கூப்பிட்டாள். குரல் காற்றாக வந்தது. ஆனாலும் அவன் வந்தான்.

"எல்லாம் வந்துடுச்சாக்கா?"

"பேச்சு மட்டும் பாக்கி," என்று நாத்தனார் இவள் தொண்டைக்குழியைத் தடவி, அங்கே ஓர் ஊசியை இறக்கினாள்.

அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் கிடந்த இவளுடைய செருப்பை எடுத்துவந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்ற அக்கா மகளின் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி மாட்டிவிட்டான்.

"கடிக்குதாம்மா?" என்று கேட்டான்.